வாரிசுள்ள புகழ், வாரிசற்ற புகழ்

நோர்வூட் மைதானத்துக்கு மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையக மக்கள் முன் பேசியது அங்கேதான். 2020 மே 31ஆம் திகதி, ஊரடங்கு நாளொன்றில், தொண்டமானின் பேரன் ஆறுமுகனுடைய உடல் தகனமானதும் அங்கேதான். பாட்டனாரின் பெயர் தாங்கிய நிலத்தில் பேரனுக்குச் சிதை. சிதைக்கு அருகே அடுத்த தலைமுறை. அதே ஆண்டு ஓகஸ்டில் ஆறுமுகனின் மகன் ஜீவன், நுவரெலியா மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றம் போனார். இதில் சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை. வாக்களித்தவர்கள் விரும்பித்தான் வாக்களித்தார்கள். ஆனால் மலையகத்து இரங்கலுரை இறந்தவரைப் பற்றிப் பேசத் தொடங்கி, நின்றுகொண்டிருப்பவரைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடுகிறது என்ற என் நெடுநாள் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி வாய்க்கவில்லை.

இந்தக் கட்டுரையில் நிறுவைக்கு வருபவை புகழுரைகள். ஆட்களை எடைபோடும் வேலையை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது தோட்டத்து வழக்கம். அதிகம் கழித்தால் கொழுந்து எடுத்தவள் சண்டைக்கு வருவாள். கழிக்காமலே விட்டால் தொழிற்சாலைக் கணக்கு உதைக்கும். இரங்கலுரை மழைநாள் கொழுந்து. ஈரம் கூடிய நேரத்தில் தராசில் ஏறுகிறது. ஈரத்தைக் கழித்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது முதற்படி, வாழ்த்து ஆறாவது. தேர்வும் உழைப்பும் முடிந்த பிறகே வாய் திறக்கலாம் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. கையறுநிலைக்கும் இப்படியோர் ஒழுங்கு உண்டு. அதியமானை இழந்த ஔவை அவன் ஆண்ட பரப்பை அளக்கவில்லை. அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தை நினைக்கிறாள். வேறெவருக்கும் பொருந்தாத ஒரு செயலைச் சொல்லி இழப்பை நிறுவுகிறாள். அடுத்து ஆளப்போவது யார் என்ற பேச்சு அந்தப் பாட்டுக்குள் நுழைவதில்லை. இரண்டு மரபிலிருந்தும் கிடைக்கும் விதிகள் எளியவை: புகழுக்கு முன் தேர்வு வேண்டும், புகழ் அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்த வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து அட்டனுக்குப் பேருந்தில் போகும்போது வீதியோரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளை வாசிப்பது என் பழக்கம். ஒரு சிறிய சோதனை செய்து பார்ப்பேன்: பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினால் வாசகம் நிற்கிறதா? பெரும்பாலும் நிற்கிறது. விடிவெள்ளி, ஏழைகளின் தோழன், மக்கள் காவலன் எல்லாம் தோட்டக் கமிட்டித் தலைவரிலிருந்து அமைச்சர் வரை எவருக்கும் தைத்துப்போடக்கூடிய சட்டை. பல பதாகைகளில் இறந்தவரின் படத்தைவிட அஞ்சலி செலுத்துபவரின் படம் பெரிது. மேடையில் அடிக்கடி வரும் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற தொடரைப் பாருங்கள். அதைச் சொன்ன வாயே ஈடு செய்ய வந்தவருக்கு மாலை போடச் சொல்கிறது. ஒரே உரைக்குள் இத்தனை முரண் இருந்தும் கேட்பவர் எவரும் முகம் சுளிப்பதில்லை. உரை யாருக்காக நிகழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் காரணம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் மீதான புகழ் இத்தனை மலிவானதல்ல. அதில் உண்மை உண்டு, கனம் உண்டு. அதனாலேயே அதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

'மலையகத் தந்தை' என்ற பட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உறவுப் பெயரால் தலைவரை அழைப்பது தமிழரசியலின் பொதுப்பழக்கம்; தந்தை பெரியார், தந்தை செல்வா என்று இரு கரையிலும் தந்தையர் உண்டு. மலையகத்தில் அந்தச் சொல்லுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. 1948இல் பிரஜாவுரிமையும் அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோன மக்களுக்கு இரண்டு அரசுகள் இருந்தும் எந்த அரசும் சொந்தமாக இல்லை. அந்த வெற்றிடத்தில் 'தந்தை' என்ற சொல் ஆறுதலாக நின்றது. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தந்தை என்றதும் பெற்றவை எல்லாம் தந்தவை ஆகிவிடுகின்றன. 'பிரஜாவுரிமை பெற்றுத் தந்தவர்' என்ற வாய்பாடு அங்கேதான் பிறக்கிறது. மலையகப் புகழுரையின் மையத் தூண் அது என்பதால் அதையே சோதிப்போம்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதைத் தொண்டமான் முன்னணியில் நின்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. காலக்கெடு நெருங்கியபோது முடிவு மாறியது. சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் தலைவிதி அவற்றுக்குள் இருந்தது. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். பகிஷ்கரிப்பு கொள்கையளவில் நியாயமானது, நடைமுறையில் விலை கூடியது என்று வாதிடலாம். இல்லை, முதல் நாளே விண்ணப்பித்திருந்தாலும் அதிகாரிகள் இதே எண்ணிக்கையைத்தான் ஏற்றிருப்பார்கள் என்றும் வாதிடலாம். இரண்டு வாதமும் மேடையில் ஒலிப்பதில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை 5,25,000, 3,00,000, மீதி பிறகு என்று பங்கிட்டது. அந்த மேசையில் மலையகத்துக்கு நாற்காலி இல்லை. தொண்டமான் இறந்தது 1999 ஒக்டோபர் 30. தன் மக்கள் பங்கிடப்பட்டு முப்பத்தைந்து ஆண்டு நிறைந்த அதே நாள். இரண்டு ஒக்டோபர் 30களையும் ஒன்றாக வைத்துப் பேசிய ஓர் அஞ்சலியையும் நான் கேட்டதில்லை. நாட்குறிப்பே கைநீட்டித் தந்த கருப்பொருளை எடுத்தாளத் தெரியாத வடிவத்தை வேறெப்படி மதிப்பிடுவது?

பிறகு 1986. நாட்டில் அவசரகாலச் சட்டம். வேலைநிறுத்தம் என்று சொன்னால் பொலிசும் இராணுவமும் வரும். தைப்பொங்கலோடு தொடங்கிய இயக்கத்துக்குத் தொண்டமான் வைத்த பெயர் பிரார்த்தனை. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் நேரத்தில் மக்கள் கோயிலில் கூடி நின்றார்கள். கடவுளைக் கும்பிடுபவனைக் கைது செய்ய எந்த அரசுக்கும் கூச்சம் இருக்கும் என்பதை அறிந்து அமைத்த போராட்டம் அது. அந்த ஆண்டுச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பிரச்சினையின் பெரும்பகுதியை முடித்தன. எஞ்சியதை அவர் இறந்து நான்காண்டு கழித்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்த்தது. வடக்கின் போர், இந்தியாவின் அழுத்தம், தாயகம் திரும்புவோரை ஏற்றிச்சென்று 1984இல் நின்றுபோன இராமேஸ்வரம் கப்பல், ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்குக் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கதவு திறந்தது. திறக்கும் நொடியில் கதவில் கை வைத்திருந்தவர் தொண்டமான். அந்த நொடிக்காக முப்பத்தெட்டு ஆண்டு அங்கே நிற்கத் தெரிந்தது அவருடைய திறமை.

மேடைப் புகழுரைமேல் எனக்குள்ள முதன்மையான குறையை இங்கே சொல்கிறேன். அது தொண்டமானைக் கூட்டிச் சொல்கிறது என்று அவருடைய எதிரணியினர் குறைகூறுவார்கள். என் கணிப்பில் அது குறைத்துச் சொல்கிறது. 'தந்தார்' என்ற சொல், பேரம் பேசவும் காத்திருக்கவும் போராட்டத்துக்கு வழிபாட்டின் உடையை அணிவிக்கவும் தெரிந்த ஓர் அரசியல் கைவினைஞனை வள்ளலாக்கிவிடுகிறது. வள்ளலிடம் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, கைநீட்டினால் போதும். ஜே.ஆர்., பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என்று நான்கு ஜனாதிபதிகளின் அமைச்சரவைகளில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் எப்படி நிலைத்தார் என்பது எந்த அரசியல் மாணவனும் கற்க வேண்டிய பாடம். 1983 ஜூலையில் மலையகத் தமிழரும் தாக்கப்பட்டபோது அதே அமைச்சரவையில் அவர் இருந்ததும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்கூலி கிடைத்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. முன்னது அஞ்சலியில் வருகிறது, பின்னது வருவதில்லை. இரண்டின்போதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். இறம்பொடைப் பக்கம் வெவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர் மகன் அவர் என்பதும் நாசூக்காக விடப்படுகிறது. அதை மறைக்க என்ன இருக்கிறது? தோட்ட முதலாளியின் மகன் தோட்டத் தொழிலாளியின் சங்கத்தை அறுபதாண்டுக்கு அருகாகக் கட்டி நிறுத்தியது அவருடைய வாழ்க்கையின் ஆகச் சுவையான புதிர். புகழ்வோர் அந்தப் புதிரைக் களங்கம் என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள்.

டி. சபாரத்தினம் எழுதி 1990இல் வெளிவந்த ஆங்கில வாழ்க்கை வரலாறும், 'டீ அண்ட் பாலிடிக்ஸ்' என்ற தொண்டமானின் தன்வரலாறும் இந்த விடயங்களில் மேடையைவிட நேர்மையானவை. தன்வரலாறு தன் கட்சிக்காரரின் வாதம்தான். ஆனாலும் வாதம் என்பதால் எதிர்வாதத்துக்கு இடம் வைக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கிடைக்கும் தொண்டமான் கணக்குப் போடும் மனிதர். பிரட்டுக்களத்தில் தமிழில் கேட்பவருக்குக் கிடைப்பது மாலை போட்ட படம்.

சிலைகளையும் பெயர்ப்பலகைகளையும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் பழைய பாராளுமன்ற வளாகத்தில் தொண்டமானுக்குச் சிலை நிற்பது வாக்குரிமை இழந்திருந்த மக்களின் பிரதிநிதிக்குச் சரியான இடம். இடத்தேர்வுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். மலையகத்துக்குள் பெயர்சூட்டல் வேறு கதை. 2017இல் அரச நிறுவனங்களிலிருந்து அவர் பெயரை அகற்றும் முயற்சி நடந்தபோது அட்டனில் ஆர்ப்பாட்டம் வெடித்தது, ஜனாதிபதி வரை விவகாரம் போனது. அகற்ற முயன்ற தரப்பும் மலையகத் தமிழ்த் தலைமைதான். எதிர்த்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் இரு தரப்பும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டிருந்ததைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெயர் ஒரு கட்சியின் சொத்து. அந்த நிறுவனங்களில் எத்தனை பிள்ளைகள் தொழில் படித்தார்கள் என்ற கணக்கை அந்த வாரங்களில் இரு தரப்பும் கேட்கவில்லை.

வாரிசுக் கேள்வி ஒரு குடும்பத்தோடு முடிவதில்லை. 1994இல் தனி ஓர் ஆசனத்தால் சந்திரிகா அரசாங்கத்தின் பெரும்பான்மையைத் தீர்மானித்தவர் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன். 2010 ஜனவரி முதலாம் திகதி அவர் இறந்தார். அவர் நினைவு அடுத்த பத்தாண்டில் கட்சித் தலைமைக்கும் குடும்பத்துக்கும் இடையே இழுபறியானது. 2020இல் மகள் சுயேச்சையாகவே தேர்தலில் நின்றார். தொண்டமான் அரசியலுக்கு மாற்றாகத் தன்னை முன்வைத்த ஒரு தலைவர் நினைவில் அதே வார்ப்புக்குள் விழுந்தது வருத்தந்தரும் முடிவு. கொள்கையில் வேறுபட்ட இரு கட்சிகள் இரங்கலில் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றின. ஆறுமுகன் இறந்தபோது ஆயிரம் ரூபா நாட்சம்பளம் அவருடைய இறுதி இலட்சியமாக முன்வைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 900 ரூபாவும் 100 ரூபாக் கொடுப்பனவுமாக அது வர்த்தமானியில் வந்தபோது அஞ்சலியின் தொடர்ச்சியாகவே கொண்டாடப்பட்டது. அந்த ஆயிரத்துக்காக வீதிக்கு வந்தவர்கள், கொழும்பு காலிமுகத்திடல் வரை போன தோட்டத்து இளைஞர்கள், அந்தக் கதையில் பின்னணிக் கூட்டம் ஆனார்கள்.

இனி வாரிசற்றவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது: தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை, கே. குமாரவேலு, ஜி.ஆர். மோத்தா, கே. இராஜலிங்கம், எஸ்.எம். சுப்பையா, டி. இராமானுஜம். ஏழில் ஒன்று பெருநினைவு ஆனது. சி.வி. தன் பேனாவால் பிழைத்தார். எஸ்.எம். சுப்பையாவின் பெயரை இன்று பலர் அறிவது 'தூரத்துப் பச்சை' எழுதிய கோகிலம் சுப்பையாவின் கணவர் என்று. பெண்ணின் பெயரால் ஆண் நினைக்கப்படும் இந்த அரிய காட்சியில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. மற்ற நால்வர் பட்டியலில் மட்டும் இருக்கிறார்கள். தொண்டமானோடு சமநிலையில் நின்று, பிறகு பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய அப்துல் அஸீஸ் அந்தப் பட்டியலிலும் இல்லை.

வாரிசற்றவர்களில் தலையாயவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்தவர்; 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளின் ஆசிரியர்; சட்டநிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் உறுப்பினர்; 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். வெளியாருக்குத் தடை இருந்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனவர். அவர் பேசிய கூட்டங்களில் மனைவி மீனாட்சி அம்மாள் பாடினார். பாட்டுகளை அச்சிட்டும் பரப்பினார். 1947 நவம்பர் 7ஆம் திகதி, அந்த ஏழு பேர் பாராளுமன்றம் நுழைந்து சில வாரங்களில், நடேசய்யர் காலமானார். புதிய தலைமை உட்கார்ந்த நேரத்தில் பழையவர் போய்ச் சேர்ந்தார். அவர் சங்கத்துக்கு அடுத்த தலைவர் எழவில்லை. ஆகவே அவரைப் புகழ வேண்டிய தேவையும் யாருக்கும் எழவில்லை.

நாற்பத்தோராண்டு கழித்து, 1988இல், சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' வந்தது. குமாரி ஜயவர்தனவின் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு 1972இலேயே நடேசய்யருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருந்தாலும் அது ஆங்கிலத்தில், ஆய்வு அடுக்கில் இருந்தது. சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். பல்கலைக்கழகப் பதவியோ கட்சிப் பதவியோ இல்லாமல் பழைய பத்திரிகைகளையும் சபைப் பேச்சுகளையும் சிறுபிரசுரங்களையும் தேடிச் சேர்த்து ஒரு மனிதரை மீட்டார். என் கணிப்பில் மலையகத்தில் எழுந்த நினைவுச் சின்னங்களில் முதன்மையானது இந்த நூல். இதற்கு நான் சொல்லும் காரணம் முறையியல் சார்ந்தது: தொல்காப்பியம் சொன்ன 'காட்சி' இங்கே நடந்திருக்கிறது. கல்லைத் தேடிக் கண்ட பிறகே வாழ்த்து வருகிறது. நடேசய்யரைப் புகழ்ந்து யாருக்கும் பதவி கிடைக்காது என்ற நிலைமையே இந்த எழுத்துக்குச் சுதந்திரம் கொடுத்தது.

குறைகள் உண்டு. தலைப்பே முதற்குறை. 'தேசபக்தன்' நடேசய்யர் தானே தன் பத்திரிகைக்கு இட்ட பெயர். அதை ஆளுக்குப் பட்டமாக்கும்போது ஆய்வாளர் தன் ஆய்வுப்பொருளின் சுயவிளம்பரத்துக்கு ஒப்பமிடுகிறார். எந்தத் தேசம், இந்தியாவா இலங்கையா என்ற கேள்வி நடேசய்யரின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த கேள்வி. கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்ததும் இந்தியர் எதிர்ப்பு தலைதூக்கியபோது பிரிந்ததும் அந்தப் பிளவின் கதைதான். தலைப்பு அதை மூடிவிடுகிறது. மீட்பவருக்கு வரும் பாசமும் நூலில் தெரிகிறது. நாற்பதாண்டு மௌனத்தை உடைப்பவர் சற்று உரத்துத்தான் பேசுவார். ஆனால் ஆசிரியர் அங்கே நிற்கவில்லை. 1998இல் 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்று இன்னொரு நூல் எழுதினார். பட்டம் போய்த் தொழில் வந்தது. வியப்பிலிருந்து வரையறைக்கு வந்த இந்த நகர்வு பத்தாண்டு உழைப்பின் விளைவு. நம் நினைவு எழுத்தில் இத்தகைய சுயதிருத்தம் அபூர்வம். மீனாட்சி அம்மாளுக்கு மட்டும் இன்றும் தனிக் கல் நடப்படவில்லை. கொழுந்து எடுக்கும் கைகளில் பெரும்பான்மை பெண்களுடையது. அந்தப் பெண்களுக்குப் பாடிய பெண்ணைக் கணவரின் வாழ்க்கையில் ஒரு பத்தியாகவே வைத்திருக்கிறோம்.

இடைப்பட்ட ஒரு வடிவமும் இருக்கிறது. ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஒரு தலைமுறையையே உருவாக்கிய இர. சிவலிங்கம் இறந்ததும் 1999இல்தான், தொண்டமான் போன அதே ஆண்டு. அவருக்குச் சிலை வைப்பதை விட்டு, மாணவர்களும் நண்பர்களும் நினைவுப் பேருரைகள் நடத்தினார்கள். பேருரையின் நன்மை, இறந்தவரின் பெயரில் வேறொரு விடயம் பேசப்படுகிறது: கல்வி, காணி, மொழி. ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கல் இல்லை. பலவீனம், கேட்பவர் எண்ணிக்கை. மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் அது நல்ல கூட்டம். நோர்வூட் மைதானத்தோடு ஒப்பிட்டால் அளவில் ஒன்றுமில்லை, தரத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அளவும் தரமும் ஒரே வடிவத்தில் கூடவில்லை என்பதே நம் நிலைமை.

தலைவர்களுக்குக் கீழே இன்னொரு வரிசை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு இறந்தவர் கோவிந்தன். அந்த மரணத்தை ஒட்டி எழுந்த தகராறில் மந்திரிமார் சபையே ஆளுநரோடு மோதியது. ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பின் அதிகாரக் கூடத்தை உலுக்கிய முதல் சந்தர்ப்பம் அது எனலாம். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சுடப்பட்டவர் சிவனு லெட்சுமணன். நுவரெலியாவில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிரான போராட்டம் அது. காணி காப்பாற்றப்பட்டது. தலைவர்களின் சாதனைப் பட்டியலில் '7,000 ஏக்கரைக் காத்தவர்' என்ற வரி ஏறும்போது லெட்சுமணன் அந்த வரியிலிருந்து இறங்கிவிடுகிறார். ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரும் வழக்கம் அண்மைக் காலத்தில் வேர்பிடித்திருப்பது நல்லது. ஆனால் அங்கும் ஒரு பலவீனம்: கோவிந்தனைப் பற்றி இறந்த விதம் சொல்லப்படுகிறது, வாழ்ந்த விதம் சொல்லப்படுவதில்லை. தியாகி என்ற சொல்லும் பெயர்மாற்றுச் சோதனையில் தோற்கக்கூடிய சொல்தான்.

லூல்கந்துரைத் தோட்டத்தில் 1892இல் இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் இறந்தபோது, கண்டிவரை அந்தப் பெரிய உடலை 24 பேர் முறைவைத்துத் தூக்கிப்போனார்கள் என்று தேயிலை வரலாற்று நூல்கள் தவறாமல் சொல்கின்றன. கண்டி மஹியாவை மயானத்தில் டெய்லருக்குக் கல்லறை உண்டு. 24 என்ற எண்ணிக்கை தப்பியது, ஒரு பெயரும் தப்பவில்லை. அந்தப் பெயர்கள் ஏதோ ஒரு செக்றோல் பதிவேட்டில் அன்றைய பேருக்காகப் பதிவாகியிருக்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். முழுப் பேர், அரைப் பேர். பெயர் பதிவாவதற்கும் வேலை பதிவாவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஒரு சமூகம் தன் புகழுரையில் வேலையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறது.

கடைசியாக ஒப்பாரி. இலக்கிய வடிவம் என்ற முறையில் மலையக மண்ணில் ஆகக் கண்டிப்பான இரங்கல் அதுவே என்று கருதுகிறேன். லயத்து வாசலில் தப்புச் சத்தத்துக்கு நடுவே பாடுபவள் இறந்தவரை 'நீ' என்று அழைத்துப் பேசுகிறாள். விட்டுப்போன கடனை, வேயாத கூரையை, கட்டிக்கொடுக்காத மகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேள்வி கேட்கிறாள். புகழும் புகாரும் ஒரே மூச்சில் வருகின்றன. கூரைக் கணக்குவரை போகும் அந்தத் துல்லியம் மேடைக்கு இல்லை. சி.வி. 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பிலும், சாரல் நாடன் பின்னர் வாய்மொழி இலக்கியம் பற்றிய நூலிலும் தோட்டத்துப் பாட்டுகளை எழுத்தில் ஏற்றினார்கள். எழுத்தில் ஏறிய பிறகும் நம் நினைவு மலர்கள் அந்த வடிவத்திடம் எதையும் கற்கவில்லை. ஒப்பாரிக்கும் எல்லை உண்டு: அது வீட்டு இழப்பைத் தாண்டிப் பொது இழப்புக்கு நீள்வதில்லை, வாய்பாடுகள் அதிலும் உண்டு. ஆனாலும் இறந்தவரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் மலையகத்துக்கு அந்நியமானது என்பதற்கு அதுவே சான்று.

2023இல் மலையகம் 200 நிகழ்வாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணம் கணக்குக் கேட்கும் அந்த வழக்கத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. வழிநெடுக இறந்த, பெயர் பதியாத மூதாதையரை நினைத்து நடந்தார்கள். வீடு, காணி, சம்பளம் என்ற கோரிக்கைகளையும் கூடவே எடுத்துப்போனார்கள். தலைவரின் படம் இல்லாத பெரிய நினைவுகூரல் என்ற வகையில் அது புதிது. ஒரு முறை நடந்ததை வைத்து மரபு உருவாகிவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை.

தீர்ப்பு வருமாறு. மேடைப் புகழுரை, பதாகை, பெயர்ப்பலகை ஆகிய மூன்றும் நினைவு வடிவங்கள் என்ற தகுதியை இழந்துவிட்டன. அவை கைமாற்றுப் பத்திரங்கள். அந்த வகையில் வெற்றிகரமானவை. சௌமியமூர்த்தி தொண்டமான் மீதான புகழ் பொருளில் மிகப் பெரியது, எழுத்தில் மிகச் சிறியது. வாரிசுகள் இருப்பதால் அது வளர்கிறது, வாரிசுகள் இருப்பதாலேயே அதை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நடேசய்யர் மீதான புகழ் தாமதமானது, ஒருவரின் தனி உழைப்பால் வந்தது, குறையுள்ளது, ஆனால் முழுப் பேருக்கு உரியது. தொண்டமானுக்கு ஒரு சாரல் நாடன் இன்னும் வாய்க்கவில்லை. எதிரியாகவும் தொண்டராகவும் இல்லாத ஒருவர் 1949 பகிஷ்கரிப்பிலிருந்து 1992 கம்பனி மாற்றம்வரை ஹன்சாட்டையும் சங்கக் கடிதங்களையும் எதிரெதிரே வைத்து, தமிழில், தோட்டத்து வாசகர் கையில் கொடுக்கக்கூடிய நூலொன்றை எழுதினால் அந்தக் குறை தீரும்.

எழுதுபவர் வரும்வரை மூலங்கள் தப்ப வேண்டும். அறுபதுகளின் சங்கச் சந்தாப் புத்தகங்கள், மாநாட்டு மலர்கள், தேர்தல் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் பதுளையிலும் வீட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. மலைக் குளிரில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அடுத்த மழைக்கு முன் திறந்து உலர்த்தி, எண்ணிமப்படுத்த நூலகம் நிறுவனத்தின் கையில் சேர்த்துவிடுங்கள்.